ஜூலியின் அரிப்பும் பெயர் சொல்லப்படாத ஊசியும்

எங்கள் நாய் ஜூலியின் தோல் அரிப்புக்காக ஒரு கால்நடை மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றோம். அங்கே கிடைத்த கவனிப்பு ஏன் எங்களுக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும், சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி வேறொரு மருத்துவரிடம் சென்று காரணத்தைக் கண்டறிந்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன். இதே அலைச்சலில் இருப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

அரிப்பு முதலில் பாதங்களில்தான் தொடங்கியது. ஜூலி முன்னங்கால் விரல்களின் இடுக்கை ஓயாமல் நக்கியதில், அங்கிருந்த வெளிர் முடி எச்சில் கறை படிந்து செம்பழுப்பாகிவிட்டது. பிறகு காதைச் சொறிவதும் தலையை உதறுவதும் வயிற்றில் சிவந்த திட்டுகளும் சேர்ந்துகொண்டன. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் "அலர்ஜி" என்றார். ஓர் ஊசி போட்டு, ஷாம்பூ ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். மறுநாளே அரிப்பு அடங்கிவிட்டதால் எங்களுக்கும் பெரும் நிம்மதி. ஆனால் சில வாரங்களில் அது திரும்பியது, மீண்டும் அதே ஊசி போடப்பட்டது. எதனால் இந்த ஒவ்வாமை என்று நான் கேட்டபோதெல்லாம், சில நாய்களின் தோல்வாகு அப்படித்தான் என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஜூலியிடம் வேறு மாற்றங்கள் தெரிந்தன. தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தது. ஒருபோதும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காதவள் இரவில் அடக்க முடியாமல் தவித்தாள். சாப்பிட்ட உடனேயே மீண்டும் பசியோடு நின்றாள். இவற்றைச் சொன்னபோது, வயதாகிறது என்று மருத்துவர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். போடப்படும் ஊசியின் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "அரிப்புக்கான ஊசிதான்" என்பதே பதில். என் அதிருப்தியின் மையம் இந்த இடம்தான். தன் பிள்ளையைப் போல வளர்க்கும் உயிரின் உடலில் எது செலுத்தப்படுகிறது என்று கேட்பவருக்கு, மருந்தின் பெயரைச் சொல்வதில் ஒரு மருத்துவருக்கு என்ன தடை இருக்க முடியும்?

அடுத்த ஊசிக்கு நாள் குறித்தபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதுவரை கொடுக்கப்பட்ட மருந்துகளின் பெயர், அளவு, தேதி, ஒவ்வொரு முறையும் பதிவான உடல் எடை ஆகியவற்றை எழுத்து மூலம் தரும்படி கேட்டேன். அப்படிக் கொடுக்கும் வழக்கமில்லை என்று வரவேற்பில் இருந்தவர் மறுத்தார். வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதற்காகத் தேவைப்படுகிறது என்று காரணத்தையும் குறிப்பிட்டுக் கடிதமாகவே எழுதிக் கொடுத்த பிறகு, சில நாள் இழுத்தடித்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஊசி மெத்தில்பிரெட்னிசலோன் அசிடேட், அதாவது நீண்ட நாள் செயல்படும் ஸ்டீராய்டு. அதீத தாகம், அடிக்கடி சிறுநீர், அடங்காப் பசி மூன்றுமே அந்த வகை மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள்.

ஸ்டீராய்டே கூடாத மருந்து என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாத அரிப்பில் துடிக்கும் விலங்குக்கு அது விரைவாக ஆறுதல் தருகிறது, பல நோய்களில் உயிரையும் காக்கிறது. மாத்திரை வடிவில் கொடுத்தால் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். வாரக்கணக்கில் உடலில் தங்கும் ஊசியைப் போட்ட பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் ஸ்டீராய்டு பெரும்பாலும் அரிப்பை அடக்கிவிடும் என்பதால், காரணத்தைத் தேடாமல் அதையே திரும்பத் திரும்பப் போடும்போது நோய் மறைந்திருக்கிறதே தவிர தீருவதில்லை.

இரண்டாவது மருத்துவர் ஜூலியைத் தொடுவதற்கு முன்பே நெடுநேரம் கேள்விகள் கேட்டார். ஆண்டு முழுவதும் அரிப்பு இருக்கிறதா, குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமா. வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா. இதுவரை என்னென்ன உணவு கொடுத்திருக்கிறோம். தெள்ளுப்பூச்சிக்கான மருந்து தவறாமல் கொடுக்கப்படுகிறதா? பிறகு நெருக்கமான பற்களுள்ள சீப்பால் முடியை வாரி, தெள்ளுப்பூச்சியோ அதன் கழிவோ இருக்கிறதா என்று பார்த்தார். தோலைச் சுரண்டி எடுத்தும், விரல் இடுக்கிலும் காதிலும் மாதிரி எடுத்தும் நுண்ணோக்கியில் வைத்து, எங்களையும் அருகில் அழைத்துக் காட்டினார். பாதத்திலும் காதிலும் மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒருவகை நுண்ணிய பூஞ்சை, பெருகியிருந்தது. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி இல்லை என்று அறிந்தபோது எனக்கு உயிர் வந்தது. ஏனென்றால் அது இருக்கும் நாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றிவிடும். தோல் சுரண்டல் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆனது. முதல் ஊசிக்கு முன்பே அதைச் செய்திருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னை வருத்துகிறது. சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி சுரண்டலில் சிக்காமல் போவதுண்டு என்பதால், அதற்கும் தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்து அந்த ஐயத்தையும் முதலில் நீக்கினார்.

எஞ்சியவை உணவு ஒவ்வாமையும் சுற்றுச்சூழல் ஒவ்வாமையும். உணவு ஒவ்வாமையை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். அந்த முடிவுகளை நம்ப முடியாது, விலக்கு உணவுச் சோதனைதான் உறுதியான வழி என்றார். ஊசியின் தாக்கம் வடியும்வரை காத்திருந்து, புரதம் மிக நுண்ணிய துண்டுகளாகச் சிதைக்கப்பட்ட ஹைட்ரலைஸ்டு உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத் துணுக்குகள், மெல்லும் எலும்புகள், இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரைகள் எதுவுமே கூடாது. தொடக்க வாரங்களில் ஜூலி துன்பப்படக் கூடாது என்று ஈஸ்ட்டுக்கான ஷாம்பூவும் காது மருந்தும் ஸ்டீராய்டு அல்லாத ஓக்ளாசிடினிப் மாத்திரையும் கொடுத்தார். அந்த மாத்திரையை நிறுத்திய பிறகு தெரியும் நிலைதான் உண்மையான முடிவு என்பதையும் முன்கூட்டியே சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து என்ன, ஏன் என்று தெரிந்திருந்ததால் அந்த நீண்ட காத்திருப்பை எங்களால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

மாத்திரையை நிறுத்திய பிறகும் ஜூலி பாதத்தை நக்கவில்லை. அதோடு சோதனை முடியவில்லை. பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் உணவே காரணம் என்று உறுதி செய்ய முடியும். நலமான பிள்ளைக்கு மறுபடி நோயைத் தேடிக் கொடுப்பதா என்று வீட்டில் எல்லோருக்கும் தயக்கம் இருந்தது, ஆனாலும் செய்தோம். இரண்டு வாரங்களுக்குள் பாதங்கள் சிவந்தன. பிறகு புரதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், கோழி இறைச்சிதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

இந்த விவரங்களை எல்லாம் எழுதி, முதல் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நான் கேட்டவை இரண்டே: முதல் ஊசிக்கு முன் தோல் பரிசோதனை ஏன் செய்யப்படவில்லை, பக்கவிளைவுகளைச் சொன்ன பிறகும் மருந்து ஏன் மறுபரிசீலனை செய்யப்படவில்லை? அரிப்புக்கு வழக்கமாகச் செய்யப்படும் சிகிச்சையே அளிக்கப்பட்டது என்று பதில் வந்தது. இனி மருந்தின் பெயரும் அளவும் சீட்டில் எழுதித் தரப்படும் என்று அதில் இருந்ததை வரவேற்கிறேன். என் இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லாததால் அவற்றை மட்டும் குறிப்பிட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன். ஜூலி இப்போது கோழி சேராத உணவில் இருக்கிறாள். தடுப்பூசி உட்பட அவளுடைய எல்லாச் சிகிச்சையையும் இரண்டாவது மருத்துவரிடமே தொடர்கிறோம்.