எலுமிச்சைத் தோலும் சமையல் மேடையும்

பாத்திரமோ, குழாயோ, அடுப்போ, சமையல் மேடையோ, எதுவாக இருந்தாலும் எலுமிச்சைத் தோலால் ஒரு தேய் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்ற அறிவுரை நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓய்வதே இல்லை. தீபாவளி நெருங்கும்போது வினிகரும் சமையல் சோடாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். பித்தளைக் குத்துவிளக்கிற்குப் புளியும் எலுமிச்சையும் உகந்தவை என்பதில் ஐயமில்லை. கையோடு கையாக அவற்றையே மேடைக்கும் கொண்டுபோவதில்தான் கோளாறு தொடங்குகிறது. மேடை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் துணியைக்கூட வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இந்தக் கவலை இருந்ததில்லை. ஓடு பதித்த சிமெண்ட் மேடையில் இணைப்புக் கோடுகள் கறுக்கும், தேய்த்தால் ஓரளவு வெளுக்கும், அவ்வளவுதான். இப்போது தெங்கா வட்டாரத்தில் பிடிஓ, அதாவது முன்பதிவு செய்தபின் கட்டித் தரப்படும் புதிய வீட்டின் சாவி வாங்கும் இளம் தம்பதியர் முன்னால் ஒப்பந்தக்காரர் பத்துப் பதினைந்து துண்டுகளைப் பரப்பி வைக்கிறார். அவற்றின் பின்புறத்தில் விற்பனைப் பெயர் இருக்கும், பொருளின் பெயர் இருக்காது. "இது என்ன கல் அண்ணே, இயற்கைக் கல்லா, பிசின் கலந்ததா?" என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மறுவிற்பனை வீட்டில் குடியேறியவர்களுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அரிசி டப்பா நிற்கும் மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் மங்கலான வட்டமாகத் தெரிந்தால் அது மார்பிள் அல்லது அதன் உறவுக் கல். ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெரும்பாலும் கிரானைட், குவார்ட்ஸ் போன்றவற்றில் ஒன்று.

அந்த மங்கல் வட்டத்தைக் கறை என்று எண்ணித்தான் பலர் மேலும் தேய்க்கிறார்கள். அது கறையே அன்று. மார்பிள் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், புளியின் டார்டாரிக் அமிலமும், பொங்கி வழிந்த இட்லி மாவின் லாக்டிக் அமிலமும் பட்ட இடத்தில் கல்லின் மேற்பரப்பையே கரைத்துவிடுகின்றன. மெருகு போன இடம்தான் மங்கலாகத் தெரிகிறது. எனவே எந்தத் திரவத்தாலும் அதைத் துடைத்து அகற்ற முடியாது, மீண்டும் மெருகேற்றத்தான் வேண்டும். சிறு வட்டங்களுக்கு மார்பிளுக்கென விற்கும் மெருகுத் தூள் போதும், பெரிய பரப்புக்குக் கைத்தேர்ந்த ஆள் தேவை. கல்லின் நுண்துளைகளை அடைக்கப் பூசப்படும் சீலர் என்ற பூச்சு, எண்ணெயும் நிறமும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமில அரிப்பைத் தடுக்காது. தினமும் ரசம் வைக்கும் வீட்டுக்கு வெள்ளை மார்பிள் மேடை தேவையில்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். ஊரில் பலர் வீட்டில் கண்ட கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனம்தான் என்பதால் அதற்கும் இதே பலவீனம் உண்டு. கரிய நிறத்தில் பலரும் அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

கிரானைட் நம் சமையலுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். சூடும் புளிப்பும் அதை எளிதில் அசைப்பதில்லை. ஆனால் அதில் நுண்துளைகள் உண்டு, எண்ணெய்தான் அதற்குப் பகை. எண்ணெய்ப் போத்தல் நின்ற இடத்தில் கருமையான வளையம் படிந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, விரல் தடிமனுக்கு அதன்மேல் அப்பி, நெகிழித் தாளால் ஒரு நாள் மூடி வைத்து, பிறகு தாளை எடுத்துவிட்டு நன்றாக உலரவிட வேண்டும். உலரும் பசை எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சீலர் தேவையா என்பதை ஒரு கரண்டித் தண்ணீரே சொல்லிவிடும். கால் மணி நேரத்தில் கல் கறுத்தால் பூச வேண்டும், தண்ணீர் முத்தாக நின்றால் வேண்டாம். அடர்த்தியான கறுப்புக் கற்கள் பலவற்றுக்குச் சீலர் தேவைப்படுவதே இல்லை. தேவையில்லாமல் பூசினால் மேலே புகைபோன்ற படலம்தான் மிஞ்சும்.

இன்று சிங்கப்பூர்ச் சமையலறைகளில் அதிகம் கண்ணில் படும் குவார்ட்ஸ், பெயரைக் கேட்டு நாம் நினைப்பதுபோல் முழுக் கல் அன்று. ஏறத்தாழ 90 விழுக்காடு குவார்ட்ஸ் தூளும் துகளும், மீதி பிளாஸ்டிக் பிசினும் நிறமியும் சேர்த்து அழுத்திச் செய்யப்படுவது. நுண்துளை இல்லாததால் சீலர் வேண்டாம், எலுமிச்சையும் அதை உடனே அரிக்காது. அதன் நோயெல்லாம் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் பிசின் பழுக்கவோ வெடிக்கவோ தொடங்கும். தோசை வார்க்கும் இரும்புக் கல் அந்த அளவை எளிதாகத் தாண்டிச் சூடேறும். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அப்படியே மேடையில் வைத்தால் விழும் மஞ்சள் வளையத்தை யாராலும் அகற்ற முடியாது. பிரிமணையை அடுப்புக்கு அருகிலேயே நிரந்தரமாக வைத்துவிடுவதைவிடச் சிறந்த பராமரிப்பு குவார்ட்ஸுக்கு இல்லை. இந்தக் கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தடை செய்துள்ளது. பொருத்தப்பட்ட மேடையால் வீட்டாருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆயினும், குழாய்த் துளையை வீட்டுக்குள் உலர்வாக அறுக்கக் கூடாது, பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வர வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வெளிர்நிற மேடையில் மஞ்சள் சிந்தினால் முதலில் செய்ய வேண்டியது அதை உலர்ந்த தாளால் ஒற்றி எடுப்பது. ஈரத் துணியால் அகலமாகத் துடைத்தால் உள்ளங்கையளவு கறை முழங்கையளவு ஆகிவிடும். சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும், அலசினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அது தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும் என்பதால், துணியில் ஒரு துளி சமையல் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவுவது பலன் தரும். நுண்துளை உள்ள கல்லில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. மிஞ்சும் மெல்லிய மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், ஏனெனில் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் தன்மையுடையது. சன்னல் ஓர மேடை என்றால் சில நாள்களில் கறை தானாகவே மங்கிவிடும்.

அக்ரிலிக் பிசினால் ஆன சாலிட் சர்ஃபேஸ் மேடை சூட்டுக்கு இன்னும் அஞ்சும். ஆனால் கீறலையும் கறையையும் உப்புத்தாளால் இழைத்தே போக்கிவிடலாம், இங்கே சொல்லும் வேறெந்த மேடைக்கும் இந்தச் சலுகை இல்லை. கனிமத் தூளை அதிவெப்பத்தில் சுட்டு இறுக்கிய சிண்டர்ட் ஸ்டோன் சூடு, புளி, மஞ்சள் எல்லாவற்றையும் தாங்கும். அதன் விளிம்பில் குழவியோ இரும்புச் சட்டியோ மோதினால் மட்டும் பெயர்ந்துவிடும். பலகைமேல் பிசின் தாள் ஒட்டிய லேமினேட்டில் இணைப்பு வழியே தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எவர்சில்வர் மேடையை இழையின் போக்கிலேயே துடைக்க வேண்டும், இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டித் துரு பிடிக்கும்.

பிளீச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும், குவார்ட்ஸின் பிசினை மங்கச் செய்யும். இவற்றைவிட முக்கியமாக, வினிகரோ எலுமிச்சையோ அதனுடன் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். குளிரூட்டிக்காகக் கதவடைத்த வீட்டின் சிறிய சமையலறையில் அது விளையாட்டன்று. வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். அன்றாடம் துடைக்க, வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும், பிறகு உலர்ந்த துணியும் எல்லா மேடைக்கும் போதும்.

கல் எதுவானாலும் கழுவுதொட்டியைச் சுற்றியுள்ள சிலிக்கோன் கோடு இந்த ஊர் ஈரத்தில் ஒரு நாள் கறுக்கத்தான் செய்யும். பூசணம் உள்ளே இறங்கியபின் எந்த மருந்தும் வேலை செய்யாது. பழையதை வெட்டி எடுத்து, மின்விசிறி வைத்து நன்றாக உலர்த்தி, பூசண எதிர்ப்புச் சிலிக்கோனை வாங்கிப் புதிதாகப் பூசுங்கள். அது இறுக ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. அன்று இரவு மட்டும் அடுப்பை மூடிவிட்டு, கீழே உணவங்காடியில் பரோட்டா வாங்கிக்கொள்ளலாம்.