பாட்டா வச்சிருந்த பழைய ஆதாரம்

மார்த்தாண்டம் பக்கத்துல எங்க ஊர் படிப்பகத்துல மாசம் ஒருக்கா வரலாற்றுப் பேச்சு வைக்கிறோம், ரெண்டு வருசமாச்சு. சிதறால் மலையில சமணர் இருந்தது, பத்மநாபபுரம் அரண்மனை, 1741ல குளச்சல்ல டச்சுக்காரங்க தோத்த சண்டை, கவிமணி கல்வெட்டு படிச்சு காந்தளூர்ச் சாலைய ஆராய்ஞ்சது எல்லாம் பேசியாச்சு. வந்தவங்க நல்லாதான் பேசுனாங்க, ஆனா கேக்குற ஆளுங்க கை கட்டி இருந்துட்டு டீ குடிச்சிட்டு போயிடுவாங்க, அது எனக்கு மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

அதனால போன ஞாயித்துக்கிழமை, வீட்டு பீரோவுல கெடக்குற பழைய ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எதுவானாலும் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னோம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியோடதானே இருந்துச்சு, அந்தக் கால ஆதாரம் நெறைய மலையாள எழுத்துல இருக்கு, பேரப்பிள்ளைங்களுக்கு ஒரு வரி படிக்கத் தெரியாது. சொத்து பாகம் வைக்கும்போதோ பேங்க் லோனுக்கோதான் அத எடுத்துட்டு படிக்கத் தெரிஞ்ச ஆளத் தேடி ஓடுவோம். அப்படிப் படிக்கத் தெரிஞ்ச ஒரு வாத்தியார் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்திருந்தார், ரிட்டயர்டு ஆனவர்.

நாப்பது பேருக்கு மேல வந்தாங்க! துணிப்பையில, பிஸ்கட் டின்னுல, ஒரு அக்கா தலையணை உறையில சுத்தி கொண்டு வந்தாங்க.

நான் கொண்டு போனது எங்க பாட்டாவோட அப்பா பேர்ல உள்ளது, மேல திருவிதாங்கூர் சங்கு முத்திரை, கொல்லம் ஆண்டு (மலையாள வருசக் கணக்கு) 1072, மீன மாசம், நம்ம பங்குனி. சார் முதல்ல வருசம் பாக்கச் சொல்லித் தந்தார், வருசம் தொடங்குற சிங்க மாசத்துல (ஆவணி) இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரில இருந்துன்னா 825, அப்போ என்னோடது 1897. இதே கணக்குல 1099 கர்க்கடகம் (ஆடி) 1924 ஜூலை, கேரளத்துல 99ல வெள்ளம்னு இன்னைக்கும் சொல்ற பெருவெள்ளம் அதுதான்னு சொன்னதும் பின்னால இருந்த ஒருத்தர் எங்க பாட்டி அத சொல்லிருக்கான்னு எழும்பிட்டார்.

விலை 350 பணம்னு இருந்துச்சு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபா, ஆக மொத்தம் 50 ரூபாய்க்கு வாங்குன இடம் அது. நிலம்னு எழுதியிருந்தா அது நெல்லு வயல், வீடும் மரமும் நிக்குறது புரயிடம், இது தெரியாமத்தான் எங்க குடும்பத்துல ரெண்டு பேரு பல வருசமா பேசாம இருக்காங்க.

கிழக்கு எல்லை குளம்னு சார் படிச்சார். அங்க இப்போ கடை வரிசைதான் நிக்குது. அங்க ஏது குளம்னு நான் கேக்கேன், மூணாவது வரிசையில இருந்த எம்பது வயசு அம்மா ஒருத்தங்க, மக்களே அதுலதான் நாங்க துணி அலக்குவோம், படி தெக்குப் பக்கம் இருந்துதுன்னாங்க. அப்புறம் யாரும் கை கட்டி இருக்கல. யாரு வயல் எங்க முடிஞ்சுது, தோடு (ஓடை) எப்படித் திரும்புச்சுன்னு ஒரே பேச்சு. தமிழ்நாட்டோட சேரணும்னு நடந்த போராட்டத்துல, 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்ட அன்னைக்கு, சின்னப் பையனா இருந்த தன்ன அம்மை கதவச் சாத்தி உள்ள வச்சிருந்தான்னு ஒரு பெரியவர் சொல்லும்போது குரல் இடறிப் போச்சு. பக்கத்து வீட்டுத் தம்பி அத போன்ல ரெக்கார்டு பண்ணிட்டான், நல்லவேளை.

ராஜாக்களப் பத்திப் பேசுறத நாங்க நிறுத்தப் போறதில்ல. ஆனா இந்த எழுத்தப் படிக்கத் தெரிஞ்ச நம்மூர் ஆளுங்க எல்லாரும் எழுபதும் எம்பதும் தாண்டியாச்சு, அதான் இத முதல்ல பிடிக்கணும்னு எனக்கு அவ்வளவு அவசரம். அடுத்த மாசமும் ஆதாரக் கூட்டம்தான், சார் வரேன்னு சொல்லிட்டார். தயவுசெஞ்சு பழைய தாள லேமினேட் பண்ணிடாதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது, வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு காய்ஞ்ச பருத்தித் துணியில சுத்தி வைங்க. அந்த அம்மாவ சனிக்கிழமை கூட்டிட்டுப் போய் குளத்துப் படி இருந்த இடத்தக் காட்டச் சொல்லிருக்கோம், வர்றவங்க காலைல ஏழு மணிக்கு படிப்பகத்துக்கு வந்திருங்க.