தோட்டத்து மர பெஞ்சு வாங்கப் போனால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

தோட்டத்தில் போட ஒரு பெஞ்சு வாங்கப் போகிறேன், எந்த மரம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் மரத்தின் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பதில்லை. கடையில் அந்த பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மேலே பாலிஷ் மினுங்கும், ரேகை அழகாக ஓடும், அதெல்லாம் வாங்குபவர் கண்ணில் படுவதற்காகவே செய்தது. அடியில் பார்த்தால் செய்தவரின் அக்கறை எவ்வளவு என்று தெரிந்துவிடும்: கால்களின் நுனியில் ஏதாவது பூசியிருக்கிறாரா, மூட்டுகளை எப்படிச் சேர்த்திருக்கிறார், என்ன ஆணி போட்டிருக்கிறார், உட்காரும் பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய இடம் விட்டிருக்கிறாரா.

இதையெல்லாம் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். மழையில் நனைவதால் மட்டும் மரம் கெட்டுப்போவதில்லை, நனைந்தது காய முடியாமல் கிடக்கும்போதுதான் கெடுகிறது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. கொட்டித் தீர்க்கும் மழை கூட பலகையின் மேல்பரப்பை நனைத்துவிட்டுப் போகும், காற்றும் வெயிலும் பட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும், ஆனால் அதே மழையில் ஒரு மூட்டின் இடுக்குக்குள் புகுந்த கொஞ்சம் தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் அங்கேயே இருக்கும், பூஞ்சைக்கு அது போதும். அதனால் ஒரு நாற்காலியை மதிப்பிடும்போது நான் தேடுவது தண்ணீர் எங்கே தங்கும் என்பதைத்தான். சாய்மானமும் இருக்கையும் சேரும் மூலை, கைப்பிடி காலோடு சேரும் இடம், ஆணித் தலை புதைந்த குழி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்களின் அடி.

கால்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் வெட்டிய பிறகும் அப்படியேதான் இருக்கின்றன. குறுக்கே அறுத்த முனையில் அத்தனை குழாய்களின் வாயும் திறந்திருக்கும், உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போல. பலகையின் பக்கவாட்டுப் பரப்பை விட இந்த வெட்டுமுனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். நாற்காலியின் நான்கு கால்களும் இந்த முனையை வைத்துத்தான் தரையில் நிற்கின்றன, அதுவும் புல்லிலோ மண்ணிலோ நின்றால் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பார்ப்பதற்குத் திடமாக நிற்கும் நாற்காலியில் கால் நுனி மட்டும் கறுத்து, விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்குவதை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள்.

இதற்கான வைத்தியம் ரொம்பச் சுலபம், அதனாலேயே பலர் செய்வதில்லை. நாற்காலி புதிதாக, நன்றாகக் காய்ந்திருக்கும்போது கவிழ்த்துப் போட்டு, கால் நுனிகளில் நீர்த்த எபாக்ஸியை, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பிசினை, மரம் குடிக்கிற வரை இரண்டு மூன்று முறை பூசுங்கள். எபாக்ஸி இல்லையென்றால் தண்ணீர் தாங்கும் மரப்பசை கூடப் பரவாயில்லை. அப்புறம் ரப்பர் அல்லது நைலான் அடிக்குமிழ்களை அடித்துவிட்டால் கால் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிற்கும். போடும் இடம் கல் தளமாகவோ சரளையாகவோ இருப்பது நல்லது. நேரே மண்ணில் வைத்தால் ஈரம் மட்டுமல்ல, கரையானுக்கும் நாமே பாதை போட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

சரி, இப்போது மரத்துக்கு வருவோம். தேக்குக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. அதன் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசையும் பூஞ்சைக்கும் கரையானுக்கும் பிடிக்காத பொருள்களும் இருக்கின்றன, ஈரத்தில் அதிகம் ஊதுவதோ முறுக்குவதோ இல்லை. 1817-இல் பம்பாயில் தேக்கால் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. கப்பலின் பெயர் ட்ரிங்கோமலி, நம்முடைய திருகோணமலைதான். கடலில் இத்தனை காலம் தாங்கிய மரம் தோட்டத்தில் தாங்காதா?

தாங்கும், ஆனால் அது எந்தத் தேக்கு என்பதில் இருக்கிறது விஷயம். வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் அந்தச் சக்தி. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி தேக்கிலும் சீக்கிரம் மக்கும், பூச்சியும் அரிக்கும். 20, 25 வருடத்திலேயே வெட்டிவிடும் தோட்டத் தேக்கில் இந்த வெள்ளைப் பகுதி அதிகம், அதையும் சேர்த்து அறுத்து, ஒரே நிறமாகத் தெரியச் சாயம் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். சாயம் பூசாத பலகை, ஒரே சீரான தேன் பழுப்பு, நெருக்கமான ரேகை, கையில் எடுத்தால் கனம், இவற்றைப் பாருங்கள். கெட்டிச் சாயம் பூசிய தேக்கை நான் வாங்கமாட்டேன், மறைக்க எதுவும் இல்லையென்றால் தேக்கின் மேல் யார் சாயம் பூசப் போகிறார்கள்?

தேக்குக்குக் காசு போதவில்லை என்றால் அக்கேசியா, யூகலிப்டஸ் இரண்டும் வெளியில் போடும் சாமான்களில் நிறைய வருகின்றன. நன்றாக உலர்த்திய கட்டையாக இருந்து, வருடா வருடம் எண்ணெய் பூசும் பொறுமையும் உங்களுக்கு இருந்தால் தாராளமாக வாங்கலாம். பைன் மரம் மருந்து ஏற்றியதாக இருந்தால் மட்டும். பழைய பைன் சாமான் ஏதாவது பச்சை நிறமாகக் கிடைத்தால் கவனம், ஒரு காலத்தில் அந்த மருந்தில் ஆர்சனிக் என்ற நச்சு இருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்தில் 2003-ஆம் வருடக் கடைசியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட கட்டையைத் தேய்க்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ப்ளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஈட்டி, சீஷம் வகைகள் இருக்கும் டால்பெர்ஜியா பேரினத்து மரங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கு 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது, அவற்றை மழையில் போட எனக்கு மனமும் வராது. எந்த மரமானாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1993-இல் தொடங்கிய எஃப்எஸ்சி அமைப்பின் முத்திரை இருந்தால் காட்டை முறையாகப் பராமரித்து வெட்டியது என்று ஓரளவு நம்பலாம்.

மூட்டு என்று வரும்போது, ஒரு கட்டையில் துளை போட்டு இன்னொன்றின் முனையைச் சீவி உள்ளே இறுக்கி, குறுக்கே மர ஆணி அடித்த பழைய கழுந்து மூட்டுதான் என் கட்சி. பசை விட்டுப்போனாலும் அது விடாது. நட் போல்ட் போட்டதும் மோசமில்லை, பிரித்து மாட்டலாம். வெறும் திருகாணியை வெட்டுமுனைக்குள் நேராக ஏற்றி நிறுத்தியிருக்கும் மூட்டு ஆடத் தொடங்க ரொம்ப நாள் ஆகாது. இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம்: துரு ஒரு பக்கம், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை படிவது இன்னொரு பக்கம். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை போதும், கடலோரமாக இருந்தால் 316 ரக எஃகாகக் கேட்டு வாங்குங்கள்.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி இல்லாத மேசையைக் கண்டால் விட்டுவிடுங்கள். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இருக்காது. விரிய இடம் கொடுக்காவிட்டால் அது வளையும், இல்லையென்றால் மூட்டைப் பெயர்க்கும்.

வாங்கிய கொஞ்ச காலத்தில் மரம் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கும், அப்போது நிறைய பேர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். இது மேலோட்டமான மாற்றம்தான். பைன் போன்ற மென்மரத்திலேயே வெயில் மழையில் தேய்மானம் 100 வருடத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் என்றுதான் கணக்கு. தேக்கின் வெள்ளிச் சாம்பல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைச் சுரண்டி எடுத்துத் திரும்ப எண்ணெய் பூசுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். தேக்குக்கு எண்ணெய் தேவையே இல்லை, நிறம் வேண்டும் என்றால் மட்டும் பூசலாம்.

வார்னிஷ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வீட்டுக்குள் போடும் சாமானுக்கு அது அருமையானது. வெளியில் மரம் விரிந்து சுருங்கும்போது கண்ணாடி போன்ற அந்தப் படலம் எங்காவது ஒரு மயிரிழை வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் புகும், உள்ளே போனது படலத்தைத் தாண்டி வெளியே வராது. தண்ணீரை வெளியே நிறுத்தப் பூசியது தண்ணீரைப் பூட்டி வைக்கும். உரிந்த வார்னிஷை முழுக்கத் தேய்த்து எடுத்தால்தான் மறுபடி எதுவும் பூச முடியும், அது பெரிய வேலை. எண்ணெய் அப்படியில்லை, மங்கினால் கழுவி, காயவைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் ரேகையோடு லேசாக இழுத்துவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். வெறும் ஆளிவிதை எண்ணெய் மட்டும் வேண்டாம், அது பூஞ்சணத்துக்குத் தீனி, ஈரமான இடத்தில் மரம் கறுத்துவிடும். வெளியில் பூசவென்றே பூஞ்சண மருந்து கலந்து வரும் எண்ணெய்களை வாங்குங்கள்.

கழுவுவதற்கு மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான தூரிகை, ரேகையின் திசையிலேயே தேய்ப்பது, அவ்வளவுதான். அழுத்தத்தோடு பீச்சும் மெஷினைக் கொண்டுவர வேண்டாம், அது ரேகைகளுக்கு நடுவிலுள்ள மென்மையான பகுதியைப் பெயர்த்து மரத்தை வரிவரியாக்கிவிடும், அந்தப் பள்ளங்களில் அப்புறம் அழுக்கும் தண்ணீரும் தங்கும். இரும்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும், ஆனால் நச்சு, கையுறை போட்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் நன்றாக அலசிவிடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடி வைப்பது மூடாமல் விடுவதை விட மோசம். மூடியே ஆக வேண்டுமென்றால் காற்றோடும் துணியுறை போட்டு, கீழே திறந்திருக்கட்டும். மெத்தைகளை மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, எண்ணெய் பூசுபவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. எண்ணெயை மெலிசாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இந்த எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளிவரும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறி ஏறி, தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். வீடுகள் எரிந்திருக்கின்றன. துணியை வெளியில் ஒற்றையாக விரித்துப் போட்டு விறைப்பாகும் வரை காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.