மாலைதீவு போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து மாலே ஒன்றரை மணித்தியாலம்தான். சிக்கல் இறங்கிய பிறகு. மாலேயிலிருந்து தூரத் தீவுகளுக்குக் கொண்டுபோகும் கடல் விமானங்கள் பகலில் மட்டும்தான் பறக்கும். பொழுதுபட்டு இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ அறை எடுக்க வேண்டிவரும். மலிவு என்று இரவு டிக்கெட் போடுவதில் என்ன லாபம்? காலை விமானம் பிடியுங்கள். திரும்பும்போதும் இதே கணக்கு. விடியற்காலை விமானம் என்றால் முதல் நாளே தீவை விட்டு வெளிக்கிட வேண்டும். ஸ்பீட் போட்டில் போகிற கிட்டத் தீவென்றால் இந்தத் தலையிடி குறைவு.

அப்புறம், கட்டுநாயக்காவில் டியூட்டி ஃப்ரீ மதுப் போத்தல் வாங்காதீர்கள், மாலே சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பையிலுள்ள சின்னப் பிள்ளையாரும் வீட்டிலேயே இருக்கட்டும், வழிபாட்டுச் சிலைகளுக்கும் அங்கே தடை. மாலைதீவுக் குடிவரவுத் துறையின் இணையப் படிவமான இமுகாவைப் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.