அம்மா கேட்ட கேள்வி

"அந்தக் காட்டுல அட்டை கடிக்காதா தம்பி?"

தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த அம்மா பின்னால் நின்று கேட்டார்.

திரையில் ஃபார் க்ரை 3 என்ற கணினி விளையாட்டு. 2012இல் வந்தது, என் பழைய கணினியில் இப்போதுதான் ஓடுகிறது. அதில் வரும் ரூக் தீவுகளில் மொத்தம் 18 வானொலிக் கோபுரங்கள். ஒவ்வொன்றாக ஏறினால்தான் வரைபடம் திறக்கும். உச்சியில் நின்று கடலைப் பார்த்தால் அப்படியே இருந்துவிடலாம் போலிருக்கும். சண்டையை விட்டுவிட்டுச் சும்மா நடந்துகொண்டே இருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கணுக்காலில் அட்டைக்காகப் பூசிய சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதன் நடுவே மெல்லிய இரத்தக் கோடு, இன்னும் நிற்கவில்லை.

எந்தப் பாறை வழுக்கும், எந்த மரத்தில் குளவிக்கூடு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் மேல் மலைக்கே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகச் சொன்னேன்.

"சரி, காலையிலேயே போவோம். பின்னேரம் மழை வந்துரும்" என்றார்.