என்கிளெக்ஸ்: ஒருமுறை தோற்ற பிறகு நான் படித்த விதம்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். அந்தத் தெம்பில்தான் அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு செய்வதற்கான என்கிளெக்ஸ் தேர்வை முதல்முறை எழுதப் போனேன். மருந்துகளை மனப்பாடம் செய்தேன், லேப் அளவுகளைப் புரட்டினேன், மீதியை வார்டு அனுபவம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். அந்த அனுபவம்தான் காலை வாரியது.

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சி அளவுக்கு மேலே இருக்கிறோமா, அருகிலா, கீழேயா என்று அதில் இருக்கும். எனக்கு மருந்துப் பகுதி 'அருகே'. 'மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்' கீழே. யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்கிற பகுதி அது. தேர்வில் மிகப் பெரிய பங்கும் அதற்குத்தான். தினமும் செய்கிற வேலைதானே என்று நான் அதைத் தொடவே இல்லை.

மறுபடி எழுத 45 நாள் இடைவெளி வேண்டும். நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். இந்த முறை ஒரு நோட்டுப் போட்டு, தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதினேன்: தெரியாது, சரியாகப் படிக்கவில்லை, அல்லது 'வார்டுப் பழக்கம்'. ஒரு மாதம் கழித்து எண்ணினால் மூன்றாவதுதான் அதிகம். என்னோடு படித்த இரண்டு சிஸ்டர்களுக்கும் அதே கதை.

ஒரு பயிற்சிக் கேள்வி. (தேர்வில் வந்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம், இங்கே எல்லாமே பயிற்சிக் கேள்விகள்தான்.) நான்கு நோயாளிகள். ஒருவர் ஆபரேஷன் முடிந்து வலி என்கிறார். ஒருவருக்கு 100.4 காய்ச்சல். ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். அப்பெண்டிசைட்டிஸோடு இருக்கும் பையன், 'வலி திடீரென்று போய்விட்டது' என்கிறான். யாரை முதலில் பார்ப்பீர்கள்? வார்டில் அந்தப் பையனின் அம்மா சிரித்த முகத்தோடு வந்து 'வலி விட்டுடுச்சு சிஸ்டர்' என்றால் நாமும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, நர்ஸ் ஸ்டேஷனில் வந்து சத்தம் போடுகிறவரின் கட்டிலுக்குத்தான் போவோம். மருந்து கொடுக்காமலே சட்டென்று நின்ற வலி, குடல்வால் வெடித்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். அவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் சத்தம் வருகிற பக்கம் திரும்பியே கழுத்து பழகிவிட்டது.

பேச்சு சம்பந்தப்பட்ட கேள்விகள் இதைவிட மோசம். 'ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்ல' என்று ஒரு ஷிஃப்டில் இருபது தடவையாவது சொல்வோம். தேர்வில் இது எப்போதும் தவறான விடை, பொய்யான ஆறுதல். 'எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?' என்று கேட்கிற விடைதான் சரி. வெள்ளைக்காரத்தனம் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம், சும்மா சோதித்துப் பார்க்கத்தான், அப்படிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'தாலியைக் கழற்றச் சொல்வீங்களாம்மா?' என்றார். கத்தியைப் பற்றிய பயமே இல்லை! மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாமா என்று ஆபரேஷன் தியேட்டரில் கேட்டுச் சொல்கிறேன் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வகைக் கேள்விகள் எனக்கு அதிகம் தவறவில்லை.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு ஒரே ஒரு பிடிமானம்: மதிப்பிடுவது, சொல்லிக்கொடுப்பது, பலன் தெரிந்ததா என்று பார்ப்பது, இந்த மூன்றும் உதவியாளரிடம் போகாது. நிலைமை சீராக இருப்பவருக்கு பிபி பார்ப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் போகலாம். நம் ஊர் ஆயாம்மாவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

மருந்துகளில் முதலில் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். நம் பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெப்பெரிடின். வார்டில் லாசிக்ஸ், வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) என்று பிராண்ட் பெயரிலேயே வாழ்கிறவர்களுக்கு ஒரு வாரம் ஆகும். அதன் பிறகு பட்டியலாகப் படிக்காமல் சங்கிலியாகப் படியுங்கள். சிறுநீரைக் கூட்டும் ஃபியூரோசமைட் (அதுதான் லாசிக்ஸ்) கொடுத்தால் பொட்டாசியம் இறங்கும். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. பொட்டாசியம் இறங்கினால் இதய மருந்தான டிகாக்சின் விஷமாகும் வாய்ப்பு கூடும். வாந்தி வரும், பார்வை மஞ்சளாகத் தெரியும். அதனால்தான் டிகாக்சினுக்கு முன் நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுகிறோம். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே போனால் நிறுத்திவைத்துவிட்டு டாக்டரிடம் சொல்கிறோம். இப்படி ஒன்று பிடித்தால் நான்கு வரும். கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வராமல் கொடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டை மட்டும் நான் படிக்கவே இல்லை. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் பார், மூச்சை எண்ணு, சிறுநீரைப் பார், முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைப் பக்கத்தில் வை என்று லேபர் வார்டில் வாங்கிய திட்டுகளே போதுமாக இருந்தன.

தொற்றுப் பகுதியில் ஒன்றே ஒன்று. கோவிட் காலத்திலிருந்து கை தானாகவே சானிடைசரைத் தேடுகிறது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சி.டிஃப் கிருமியின் வித்துகள் (ஸ்போர்) அதற்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும்தான்.

படித்த இடம் என்றால், தாம்பரம் மின்சார ரயிலில் போகும்போது பத்துக் கேள்வி, வரும்போது பத்துக் கேள்வி. விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில். நைட் டியூட்டி முடிந்த காலையில் படித்த எதுவும் நிற்கவில்லை, தூங்கிவிடுங்கள்.

2023 ஏப்ரலிலிருந்து தேர்வின் முறை மாறியிருக்கிறது. நாம் எழுதுவதைப் பார்த்து கம்ப்யூட்டரே நிறுத்தும்: குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நோயாளியின் குறிப்பேட்டைக் கொடுத்து ஆறு ஆறு கேள்வியாகக் கேட்கும் கேஸ் ஸ்டடி மூன்று வரும். பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் தவறாக ஒன்றைத் தொட்டால் கிடைத்த மதிப்பெண்ணும் குறையும், சந்தேகமானதை விட்டுவிடுங்கள். எத்தனையாவது கேள்வியில் கம்ப்யூட்டர் நின்றது என்பதை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டாம். எனக்கு இரண்டாம் முறை 112இல் நின்றது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் பாஸ்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்: பெயர். நம் மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணம் ஆனவர்களுக்கு வீட்டுக்காரர் பெயர். தேர்வு அனுமதியில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் பொருந்தாவிட்டால் சென்னை மையத்தின் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியதுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துப் பிசகாமல் பதிவு செய்யுங்கள்.