இடது காது

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பெரிய சத்தம் எதுவும் இருக்காது. கடலுக்குள் மூச்சுவிடக் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்களில் காற்று அடைக்கும் கம்ப்ரசரை நிறுத்தி, நிரப்பியவற்றை அடுக்கி வைத்துவிட்டு அறைக்கு வந்து படுத்தால், என் இடது காது ஆரம்பித்துவிடும். பழைய ட்யூப்லைட்டின் சோக்கு இரையுமே, அந்த மாதிரி மெல்லிய ரீங்காரம். 6 வருடமாக அது ஒரு நாளும் ஓய்ந்ததில்லை.

எப்படி வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல சீசன், எனக்குச் சளி. முதல்முறையாகக் கடலுக்குள் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்க் காட்டும் வேலை. மூன்றாவது ஆளோடு இறங்கும்போது இடது காது திறக்கவில்லை; கூடும் நீரின் அழுத்தத்துக்கு ஈடாக மூக்கு வழியாகக் காதுக்குள் காற்று போகவில்லை. மேலே ஏறியிருக்க வேண்டும். ஆனால் நான் சிலிண்டரைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்த அந்த மனிதர், கோமாளி மீனைப் பார்த்துக் குழந்தை மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. மூக்கை அழுத்திப் பிடித்து, பலத்தையெல்லாம் சேர்த்து ஊதினேன். உள்ளே 'பட்' என்றது. ஒரு கணம் கடலே சுழன்றது.

அதைவிடப் பெரிய தப்பு, மறுநாளும் இறங்கியது. டாக்டரிடம் போக 9 நாள் ஆனது. திடீரென்று காது கேட்காமல் போனால் முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பரிசோதனைத் தாளில், 4000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இடது காதின் கோடு சரிந்து கிடந்தது. நத்தை ஓடு போன்ற உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகி, காதுக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. அது மறுபடி பாதியாக 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே காது அதிகம் படுவது கரையோரத்து ஆழம் குறைந்த நீரில்தான். ஆழம் போகிறவர் அந்தப் பத்து மீட்டரை ஒரு நாளில் ஓரிரு தடவை கடப்பார். எங்களைப் போன்றவர்களுக்குப் பகல் முழுக்க அதில் ஏறி இறங்குவதே பிழைப்பு. 'சின்ன டைவ்தானே' என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தூத்துக்குடியில் என் தாத்தா சங்கு குளித்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, "காதுக்குள்ள கடல் இரையுதுடா" என்பார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். யாரும் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.

உள்காது ஆறி, டாக்டர் சம்மதித்த பிறகுதான் திரும்ப இறங்கினேன். இரைச்சலை அடியோடு நிறுத்த மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, அதோடு வாழப் பழகினேன். முழு நிசப்தத்தில் படுப்பதில்லை. ஃபேன் ஓடும், அல்லது போனில் மழைச் சத்தம் மெதுவாகக் கேட்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் இரைச்சல் கூடும். கம்ப்ரசர் பக்கம் போனால் காதுக் கவசம். சளி என்றால் விடுப்பு. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதில்லை. அடியில் இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது மாட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்குள் எனக்கு இரைச்சல் கேட்பதே இல்லை. நான் விடும் மூச்சின் குமிழிச் சத்தம் அதை மூடிவிடுகிறது. அந்த நிம்மதிக்காகவே இன்னொரு தடவை இறங்கலாமா என்று ஆசை வரும். அந்த ஆசைக்கு நான் பயப்படுகிறேன்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். 3 மீட்டரில் கையைத் தட்டையாக விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டினார்; காதில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஒரு மீட்டர் மேலே கூட்டிவந்தேன். மெதுவாக ஊதச் சொன்னேன், விழுங்கச் சொன்னேன். திறக்கவில்லை. இன்னொரு தடவை. இல்லை. ஏறிவிடலாம் என்று கட்டைவிரலை மேலே காட்டினேன்.

படகில், "சாரி அண்ணே, உங்க நேரம் வீணாப்போச்சு" என்றார். மீன் எதையும் பார்க்காத வருத்தம் முகத்தில் இருந்தது. ராத்திரி போன் பண்ணி, காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே, நல்லாக் கேக்குது" என்றார்.